சார்ட்டில் மட்டும் சாப்பிட்டவர்

“உங்க வீட்ல மூணு வேளை அடுப்பு எரிஞ்சிருக்குமான்னே தெரியல. நீ பேஷன்டுக்கு டயட் சொல்லப் போறியா?”

ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாகச் சேர்ந்த அன்று பெரிய டாக்டர் என்னிடம் கேட்டது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். “எரிஞ்சது சார். அதான் படிச்சேன்” என்றேன்.

1. கூட்டல் இரண்டு

தீக்காய வார்டில் செல்வம் என்றொரு விசைப்படகுக்காரர். இன்ஜின் தீயில் கால் வெந்துவிட்டது. புண் தேறினால்தான் தோல் ஒட்டும் ஆபரேஷன். தேறாவிட்டால் காலே போகலாம்.

ஆறேகால் கிராம் புரோட்டீனில் ஒரு கிராம் நைட்ரஜன் உண்டு. உள்ளே போன நைட்ரஜனில் வெளியே போனதைக் கழித்தால், உடம்பு வளர்கிறதா, தன்னையே கரைக்கிறதா என்று தெரியும். நோயாளி சாப்பிட்டதை நர்ஸ் எழுதும் சார்ட்படி தினம் நூறு கிராம் புரோட்டீன், நைட்ரஜன் பதினாறு கிராம். ஒரு நாள் முழுக்கப் பிடித்த சிறுநீரில் யூரியா நைட்ரஜன் பத்து. மலம், வியர்வை என்று மற்ற வழிகளில் போவதற்கு வழக்கமாகச் சேர்ப்பது நாலு. ஆக, கூட்டல் இரண்டு; உடம்பு வளர்கிறது.

“பர்ஃபெக்ட்!” என்றார் பெரிய டாக்டர்.

சார்ட் நன்றாகக் கொழுத்திருந்தது. செல்வத்தின் விலா எலும்பைத்தான் எண்ண முடிந்தது.

2. பார்வையாளர் நேரம்

மாலை நாலு மணிக்கு வார்டுக்குப் போனேன். கட்டிலைச் சுற்றி ஆறு பேர். ஆளுக்கொரு டம்ளர் சாக்லேட் பால். செல்வத்தின் மனைவி கஸ்தூரி, மீன் விற்பவர், செல்வத்துக்கு நாங்கள் கொடுத்த புரோட்டீன் பவுடர் டின்னைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“இன்னாக்கா இது?”

“பாக்க வந்தவங்கள சும்மா அனுப்பினா நல்லாவா கீது? நீயும் ஒரு டம்ளர் குடிமே.”

டின் காலியானால் நர்ஸ் ‘சாப்பிட்டார்’ என்று எழுதிவிடுவார்.

“அவருக்கு?”

“ரசஞ்சோறு. கவுச்சி துன்னா புண்ணு சீயி வெச்சுக்கும்.”

“சீழு கிருமியால வருதுக்கா, மீனால இல்ல. ஊருக்கே மீனு விக்கிற, இவருக்கு இல்லையா? நீ குடுக்கலன்னா உடம்பு அவரு சதையையே துன்னும். தோ, துன்னுகினு கீது பாரு.”

செல்வம் தலையைத் தூக்கினார். “நான் சொன்னா கேக்கல மேடம். பாக்க வந்தவன்லாம் கொழுத்துட்டான்.”

அவர் உண்மையில் தின்றதை மறுநாள் எடை போட்டேன். ஆஸ்பத்திரி இட்லி, பால், வீட்டு ரசஞ்சோறு எல்லாம் சேர்த்தே புரோட்டீன் ஐம்பது கிராம், நைட்ரஜன் எட்டு. வெளியே போனது அதே பதினாலு. கழித்தல் ஆறு.

“டின் குடுத்தோமே?” என்றார் பெரிய டாக்டர்.

“குடுத்தோம் சார். ஆறு பேர் குடிச்சாங்க.”

அதன்பின் முட்டை, பருப்பு, சங்கரா மீன் குழம்பு. கஸ்தூரி முள் எடுத்து ஊட்டினார். நான் தட்டை எடை போட்டேன். சில வாரங்களில் புண் சிவந்து தேறியது. ஆபரேஷனில் தோல் ஒட்டியது, கால் தப்பியது.

மருத்துவமனைக் கூட்டத்தில் பெரிய டாக்டர் இந்த வெற்றியை விளக்கினார். திரையில் டின்னின் படம் இருந்தது. மீன் இல்லை.

புதிதாக வேலைக்கு வரும் தங்கைகளே, கொடுத்தது வேறு, உள்ளே போனது வேறு. சார்ட்டில் ‘கொடுத்தது’ கட்டத்துக்குப் பக்கத்தில் ‘தின்றது’ என்றொரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அதற்கு அனுமதி கேட்ட கடிதம் இன்னும் கையெழுத்தாகாமல் பெரிய டாக்டர் மேஜையில் கிடக்கிறது. இன்று காலை, செல்வம் படுத்திருந்ததற்குப் பக்கத்துக் கட்டில்காரரின் இட்லித் தட்டை எடை போட்டு, அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டேன்.