வெறும் நிலம்

கந்தப்பளைப் பக்கம் எங்கள் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேல் வந்த சின்ன விமானத்தின் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. அது சறுக்கிக்கொண்டே இறங்கி, தோட்டத்தில் தேயிலை இல்லாத ஒரே இடமான எங்கள் மயானத்தில் உருண்டு நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஓட்டி வந்தவர் வெளியே நின்றார். ஒல்லியான சிங்கள மனிதர், நரைத்த மீசை, நெற்றியில் ரத்தம். எஞ்சினுக்கு வேகம் கொடுக்கும் விசையை இன்னும் தள்ளுவதுபோல அவருடைய வலதுகை அசைந்துகொண்டே இருந்தது.

"எஞ்சின் நின்னது அம்மா. எல்லா எடமும் தேயில. இது மட்டும் வெறும் நெலம்னு நெனச்சது" என்றார்.

நான் யாரிடமும் அதிகம் பேசாதவள். அன்று என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது.

"வெறும் நெலம் இல்லீங்க. சக்கரம் ஏறி நிக்கிற மேட்டுலதான் எம் மக கெடக்கிறா. கல்லு வைக்க விடமாட்டாங்க, செவ்வந்திதான் நட்டேன். தோட்டத்த நடத்துற எங்க தொரையும் வெறும் நெலம்னுதாங்க சொல்றாரு. தேயில நடப் போறாராம்."

அவர் கை ஓய்ந்தது. குனிந்து காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரமண்ணில் ஒவ்வொரு மேடாக விலகி விலகி வெளியே நடந்தார்.

பிறகு விமானத்தைப் பார்க்கத் துரை வந்தார். சப்பாத்துக் காலோடு என் மகளின் மேட்டில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார். அவர் போனபிறகு மிதிபட்ட செவ்வந்தியை நிமிர்த்திவிட்டேன்.

இப்போது அங்கே இடுப்பளவு தேயிலை. வானத்தில் சத்தம் கேட்டால் அந்த மனிதரோ என்று நிமிர்ந்து பார்க்கிறேன். இனி எஞ்சின் நின்றால் அவருக்கும் இங்கே இடமில்லை.