கழுத்தோடு வந்த நன்னாரியும் கரீம் பாயும்

உக்கடத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த கரீம் பாய் மௌத்தாகிவிட்டார் என்ற சாவுச் செய்தியைக் காதர் போனில் சொன்னான். உடனே அந்த ஒரு நாள்தான் என் கண்ணில் வந்து நின்றது. அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் பாய், தராசு பிடிக்கிற காதர், பவானி வைத்தியர், என்னோடு வேர் தோண்டுகிற பாப்பாத்தி, நான்.

நான் கொண்டுபோன நன்னாரி மூட்டையைப் பாய் தரையில் கொட்டினார். வேர்களுக்கு நடுவே கொடியின் அடிக்கட்டைகளும் கிடந்தன. அதைத்தான் நாங்கள் கழுத்து என்போம். கழுத்து வந்தால் செடியையே பிடுங்கியாகிவிட்டது என்று அர்த்தம்.

"ஏனுங்க அம்மணி, வேர் கேட்டா உசுரையே புடுங்கிட்டு வந்திருக்கீங்க" என்றார் பாய்.

"நான் தோண்டலீங்க பாய். காய்ச்சல்ல கெடந்தேன். தம்பி ராசு தோண்டிப்போட்டானுங்க."

"மூட்டை ஆரோடதுங்க?"

வைத்தியர் சிரித்தார். அதற்கப்புறம் அவர் கேட்ட சுண்டை வற்றலை நான் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை.

வேரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழுத்துகளை மட்டும் பாய் எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் காலை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஈரச் சாக்கு, அதற்குள் அந்தக் கழுத்துகள். முட்டி வலியோடு எங்கள் ஊர்க் கரட்டில் ஏறி, முள்ளுப்புதர் நிழலாகப் பார்த்து ஒவ்வொன்றாக நட்டார்.

குடத்தில் தண்ணீர் சுமந்த பாப்பாத்தி, "கடையில உக்காந்திருக்கற ஆளுக்கு இதென்ன வேலைங்க பாய்?" என்றாள்.

"கரட்டுல இல்லாதது கடைக்கு எங்கிருந்துங்க வரும்?"

பாதி காய்ந்தது. பாதி ஐப்பசி மழைக்குத் துளிர்த்தது.

"ஒரு பக்கம் நமக்கு, மறுபக்கம் செடிக்கு" என்பார் பாய். ஒரு பக்கத்து வேரை மட்டும் எடுத்து மண்ணை மூடுவோம். இரண்டு வருஷத்துக்கு அந்தச் செடியைத் தொடமாட்டோம். சுற்றுப்பட்டுக் கரடெல்லாம் மொட்டையாகக் கிடக்க, எங்கள் கரட்டில் இன்றைக்கும் நன்னாரி புதருக்குப் புதர் ஏறிக் கிடக்கிறது. கழுத்தோடு வந்த மூட்டையை வாங்கமாட்டேன் என்று கடைசி வரை நின்ற ஒரு வியாபாரியால் வந்தது அது. அவருக்கு வேர் கொடுத்தவள் நான் என்று எந்தச் சபையிலும் சொல்வேன்.

ஆனால் வருகிற வைத்தியர்களிடமெல்லாம் பாய் என்னைக் காட்டி, "இது திருந்துன கைங்க, நம்பி வாங்கலாம்" என்பார். புகழ்ச்சியாகத்தான் சொல்வார். தோண்டியது ராசு என்று நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை.

"நானே பாய்கிட்ட நேர்ல வந்து சொல்லிப்போடறேன்க்கா" என்று ராசு வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். போகவே இல்லை. மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்த அன்றைக்கும் பாய் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இனிச் சொல்லி என்னக்கா ஆகப்போகுது?" என்றான்.

பாயைத் தெரிந்த உங்களுக்காவது தெரியட்டும். ஒரு பக்கம் எடுத்ததும் தானாக நின்றுவிடுகிற இந்தக் கை, அவர் எனக்கு விட்டுப்போனது. அது திருந்திய கை இல்லை, தப்பே செய்யாத கை. இதை ராசு வாயால் கேட்காமலே பாய் போய்விட்டார். அதற்காக நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான், என் கூடப்பிறந்த ராசு.