படிக்காமல் ஒட்டிய பட்டியல்

பழியைத் தூக்கி ஒரு தாயின் மேல் போட்டவர் எங்கள் மேலாளர். தப்பு எங்களுடையது. அதில் பெரும்பங்கு என்னுடையது.

மலேசியாவின் ஸ்கூடாயில் இருக்கும் எங்கள் கடை இணையத்தில் மளிகைச் சாமான் விற்கிறது. அதன் தேடலை அமைத்தவள் நான். 'கடலை' என்று தேடினாலும் மலாயில் 'காச்சாங்' என்று தேடினாலும் ஒரே பொருள்கள் வரும்படி சொற்களை இணைத்தேன். பிறகு, தேடும்போது ஒதுக்கிவிட வேண்டிய சின்னச் சொற்களின் பட்டியல் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து, படிக்காமலே ஒட்டினேன். 'இல்லாத' என்பதற்கான மலாய்ச் சொல் 'தன்பா' அதில் இருந்தது.

செடெனாக்கில் ஓர் அக்கா, கடலை ஒத்துக்கொள்ளாத தன் மகளுக்காக 'பிஸ்கட் தன்பா காச்சாங்' என்று தேடினார். எங்கள் தேடல் 'தன்பா'வை ஒதுக்கிவிட்டு, கடலை பிஸ்கட்டை முதலில் காட்டியது. அதைத் தின்ற பிள்ளை மூச்சுத் திணறி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அக்கா போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். "கடலை இல்லாததுதானே கேட்டேன் தங்கச்சி? முதல்ல வந்தத நம்பி வாங்கிட்டேன்."

காரணத்தைக் கண்டுபிடித்து மேலாளரிடம் சொன்னேன்.

"பாக்கெட்ட படிச்சிருக்கணும்லா. நீ வாய மூடிட்டு வேலைய பாரு."

அன்றே கடையின் பேஸ்புக் பக்கத்தில் 'வாடிக்கையாளரின் கவனக்குறைவு' என்று எழுதினார். நானும் இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பட்டியலைப் படிக்காததைவிட அதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

மேலாளர் அவர்களே, அந்தப் பிஸ்கட்டை அந்த அக்காவுக்குக் காட்டியது யார்? அதே பக்கத்தில், எல்லாரும் பார்க்க, பதில் எழுதுங்கள்.