சுகுமாறன் கை வைத்த வேலை

பழைய பொட்டை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, உஃப்பென்று ஒரு ஊது ஊதிவிட்டு, சுகுமாறன் தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றினார். மாட்டியது ஒரு தடவை, ரிப்பேருக்கு இதோடு மூன்று தடவை. பத்தே நாளில் தன் ஊரான கோலா சாவாவிலிருந்து சிரம்பானிலுள்ள தெமியாங்குக்கு மோட்டார் சைக்கிளில் இத்தனை நடை. "சனியன் புடிச்ச சாமான் லா இது!" என்று அதன் முகத்துக்கு நேரே திட்டினார். அது பாட்டுக்குச் சுவரில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

இருபத்தெட்டு வருஷமாக வயர்மேன். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் தலைக்குமேல் ஃபேன் மாட்டியதில் தொடங்கியவர், இப்போது சிரம்பான் பங்களாக்களுக்கு ஏர்கோன் மாட்டுகிறார். ஸ்குரூவை வாயில் கவ்விக்கொண்டுதான் பேசுவார். சுவரில் துளை போடுமுன் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுப்பார். சட்டைப் பையில் இருக்கும் டெஸ்டரை வீடு முழுக்கத் தேடுவார். வேலை முடிந்ததும் டூல் பாக்ஸில் கறுப்பு டேப்புக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன டப்பாவைத் திறப்பார். குழைத்த சந்தனத்தில் ஒரு பொட்டு, அதன் நடுவே துளி குங்குமம். மெயின் சுவிட்சோ, மீட்டர் பெட்டியோ, தண்ணி மோட்டாரோ, எதுவானாலும் பொட்டு வைத்த பிறகுதான் ஏணியை மடக்குவார். "ஒருவாட்டி பொட்டு வச்சா வச்சதுதான். ரெண்டாவது வாட்டி என்னைக் கூப்பிட்ட வீடு எங்க ரந்தாவ் பக்கம் முழுக்கத் தேடினாலும் கிடையாது லா." பசியாறாமல்கூட வேலைக்கு வந்துவிடுவார், இதைச் சொல்லாமல் ஒரு நாளும் வீடு திரும்பியதில்லை.

அந்தப் பேச்சுக்குத்தான் இப்போது ஆபத்து. இந்தக் கண்ணப்பன் வீட்டில் விளக்கு, வாசல் கேட், திரைச்சீலை எல்லாவற்றையும் கோலாலம்பூரில் இருக்கும் மகன் கணேஷ் தன் கைப்பேசிக்குள் கொண்டுபோய்விட்டான். மிச்சம் இருந்தது ஏர்கோன். அதற்காக வந்ததுதான் இந்த உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி. வயர் கிடையாது. ஹாலின் சூடு இருபத்தாறைத் தாண்டினால் ஏர்கோனை ஓடவிடும், இறங்கினால் நிறுத்தும். நிறுத்தினால்தானே! சுகுமாறன் பக்கத்தில் நிற்கும்வரை அவ்வளவு ஒழுங்கு. அவர் மோட்டார் தெருமுனையைத் தாண்டியதும் முப்பத்தொன்று என்று காட்டி, ஏர்கோனை விடாமல் ஓட்டும். ரிமோட்டில் நிறுத்தினால் மறுபடி ஓட்டும். மூட்டுவலிக்காரர் கண்ணப்பன் பட்டப்பகலில் ஸ்வெட்டர் போட்டு, ஹாலில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேசாமப் பழையபடி ரிமோட்டே போதும்னு விட்டுருங்களேன், தம்பி. ஒங்களுக்கும் நிம்மதி, அவுகளுக்கும் நிம்மதி" என்றார் அவர் மனைவி தைலம்மை ஆச்சி.

"இருங்க ஆச்சி. இதுல ஒண்ணும் கோளாறு இல்ல. வைஃபைதான் சரியில்ல."

மேசைமேல் இருந்த கைப்பேசியின் ஸ்பீக்கரில் கணேஷ் குறுக்கிட்டான். "வைஃபை நேத்துதான் மாத்தினேன், அண்ணே. முதல்ல பேட்டரின்னீங்க, அப்புறம் ஏர்கோன்னீங்க. இன்னிக்கும் சரிவரலன்னா நாளைக்கு கேஎல்லேருந்து வேற ஆள அனுப்புறேன். கோவிச்சுக்காதீங்க."

வேற ஆளா! சுகுமாறனுக்குக் காதெல்லாம் சூடேறியது. தான் மாட்டியதை இன்னொருத்தன் வந்து கழற்றுவதா? நாளைக்கு எந்த மூஞ்சியோடு ரந்தாவ் கடைத்தெருவில் டீ குடிப்பது? மூடியை மாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெட்டிக்கு நேரெதிரே உட்கார்ந்துவிட்டார். ஆச்சி கொடுத்த பாலில்லாத தே ஓ ஆறிப்போனது. இருபத்தேழு, ஏர்கோன் ஓடியது. இருபத்தைந்து, நின்றது. ஒரு மணி நேரம் இதே கதை. கண்ணப்பன் மெல்ல ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா ஆச்சி! கை வச்சா வச்சதுதான்!" சுகுமாறன் எழுந்து டப்பாவைத் திறந்து மோதிர விரலில் சந்தனத்தை எடுத்தார். பெட்டியின் கீழ்ப்பக்கம், பொட்டுக்கென்றே செய்துவைத்த மாதிரி சின்னதாக ஒரு வட்டம். அதற்குள் ஊசி குத்தியதுபோல் ஏழெட்டு ஓட்டைகள். எப்போதும் அங்கேதான் வைப்பார்.

"அதுல எதுக்குத் தம்பி இத்தனை ஓட்டை?" ஆச்சி சும்மாதான் கேட்டார்.

"அது வழியாத்தான் ஆச்சி காத்து உள்ள போகும். போனாத்தான ஹால் எவ்ளோ சூடுன்னு அதுக்குத் தெரியும்? அடைச்சிக்கிச்சுன்னா வைங்க, தன் சூட்டையே வீட்டுச் சூடுன்னு நெனைச்சிக்கிட்டு..."

நீட்டிய விரல் பெட்டிக்கு ஓர் அங்குலம் முன்னால் அப்படியே நின்றது. நாற்காலிமேல் கிடந்த ஈரத்துணியைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பத்து நாளில் துடைத்த மூன்று பொட்டும் அதில் மஞ்சளாக அப்பிக்கிடந்தன. ஆச்சி விரலைப் பார்த்தார், ஓட்டைகளைப் பார்த்தார், பிறகு மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணப்பன் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்வெட்டருக்குள் ஒரு கையை நுழைத்துவிட்டார்.

"என்னண்ணே, முடிஞ்சிருச்சா? ஆள் அனுப்பணுமா?" என்றது ஸ்பீக்கர்.

"வேணாம் லா. முடிஞ்சிருச்சு."

விரலில் சந்தனம் காயத் தொடங்கியிருந்தது. சுகுமாறன் அதைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, டப்பாவை மூடினார்.