ஓரெலுஸ் வாயை மூடிய நாள்

அன்ஸ்-கொக்கோ என்ற கடலோர ஊரில் புயல் ஒத்திகை என்றால் காலொடிந்தவனாக நடிப்பது ஓரெலுஸ்தான். வேறு யாரையும் அந்த இடத்தில் படுக்கவைக்க ஊர் சம்மதிக்காது.

அவனுக்கு வாய்த்த தொண்டை அப்படி. டாப்-டாப் என்கிற பயணி வண்டியின் பின்படியில் தொங்கிக்கொண்டு சந்தைக்கு ஆள் ஏற்றுவது அவன் பிழைப்பு. வண்டி வளைவில் திரும்புவதற்கு முன்பே அவன் குரல் வந்து கதவைத் தட்டிவிடும். உடம்பும் தொண்டைக்கு ஏற்ற உடம்பு. முதல் வருஷம் நிவாரணக்காரர்கள் தலைநகரத்திலிருந்து கொண்டுவந்த புத்தம்புது ஸ்ட்ரெச்சர், அவனைத் தூக்கியதும் கிழிந்து தொலைந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக் கதவு ஒன்றைக் கழற்றி, நாலு பேர் அதில் வைத்துச் சுமந்தார்கள். முன்னால் பிடிப்பவன் வில்னேர், மீன்பிடிக்கிறவன், ஓரெலுசின் பிள்ளைக்கு ஞானத்தகப்பன். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இந்த உறவை வைத்தே தன் தலையில் அந்தக் கதவைக் கட்டிவிட்டார்கள் என்று வில்னேர் வருஷா வருஷம் புலம்புவான்.

ஒத்திகைக்கு ஊரே திரண்டு வரும். முடிந்ததும் சிவப்பு பீன்ஸ் சோறு, பொரித்த கோழி, ஆளுக்கொரு பாட்டில் கோலா. ஆனால் சோற்றுக்காக மட்டும் வந்தார்கள் என்று சொன்னால் பாவம். ஓரெலுசைக் கேட்கவும்தான் வந்தார்கள்.

கமிட்டித் தலைவி மதாம் செலியான் ஒலிபெருக்கியில் "ஆரம்பம்" என்று சொன்னதும் அவன் பிடித்துக்கொள்வான். "ஐயோ என் காலு. என்னப் பெத்தவளே, என் காலு போச்சே. நான் செத்தா என் பொண்டாட்டிக்கு யாரு இருக்கா?" சோற்று வரிசையில் முதல் ஆளாய் நிற்கும் அவன் மனைவி ரோஸ்மேன், அங்கிருந்தபடியே, "எனக்கு ஆளு இருக்கு, நீ நிம்மதியாப் போ" என்பாள். ஊர் சிரித்து உருளும். வருஷம் தவறாமல் இதே பேச்சு, இதே பதில். ஒரு சொல் மாறினாலும் ஊரார் கோபித்துக்கொள்வார்கள்.

இதில் ஒருத்திக்கு மட்டும் சிரிப்பு வராது. பயிற்சி கொடுக்க வரும் நர்ஸ் மாகாலி. வந்த முதல் நாளே அவள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: "கத்துறவனுக்கு மூச்சு இருக்குனு அர்த்தம். கத்தாதவங்க கிட்ட முதல்ல போங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு நேராக ஓரெலுசிடம் ஓடினார்கள். ஒரு வருஷம், மயக்கம் போட்டவளாக நடிக்க எலிசாயின் என்கிற கிழவியை வாழைத்தோப்பில் படுக்கவைத்தார்கள். அவள் பாட்டுக்குச் சொன்னபடி சத்தமில்லாமல் கிடந்தாள். ஒருவரும் போகவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அந்தக் கோழித்தொடையை இன்றுவரை அவள் மறக்கவில்லை.

அந்த செப்டம்பரில் நிஜப் புயல் வந்தது.

வானொலி காலையிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. மதாம் செலியான் வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னாள். பாதிப் பேர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, சமையல் யார் என்பது. சமையல் கிடையாது, புயல்தான் வருகிறது என்றதும் முகம் வாடிப் போனார்கள். இருந்தாலும் மத்தியானத்துக்குள் ஊரில் பெரும்பாலோர் வந்துவிட்டார்கள். ஒத்திகையில் நடந்து பழகிய கால்கள், வழியை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஓரெலுசும் ரோஸ்மேனோடு வந்து நல்ல மூலையாகப் பிடித்து உட்கார்ந்தான். ஆனால் மனசு உட்காரவில்லை. வீட்டில் ஜெனரல் இருந்தான். ஜெனரல் என்பது அவனுடைய சண்டைச் சேவல். முந்தின வருஷ ஒத்திகையில் வகுப்பறைக்குள்ளேயே சேவல்சண்டை ஆரம்பித்துவிட்டதால், உயிர்ப்பிராணி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று கமிட்டி சட்டம் போட்டிருந்தது. ஓரெலுஸ் கொஞ்ச நேரம் நெளிந்தான். அப்புறம் ஒன்றுக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கினான்.

சேவல் கையில் வந்துவிட்டது. திரும்பும் நேரத்தில் காற்று ஒரு புரட்டுப் புரட்டியது. அடுப்பங்கரைச் சுவர் அப்படியே சரிந்து அவனுடைய இடது காலின் மேல் உட்கார்ந்தது. மல்லாக்க விழுந்து, ஒரு கையை ஊன்றிப் பாதி நிமிர்ந்தான். சேவல் கக்கத்தில் பத்திரமாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை, அதுவரை கணுக்கால் நனைக்கிற ஓடை, பொங்கி முற்றத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

ஓரெலுஸ் கத்தினான்.

அந்த நேரம் பார்த்து, நடக்க முடியாத கடைசி ஆட்களைத் தூக்கிக்கொண்டு வில்னேரின் கூட்டம் வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓரெலுசுக்கு உயிர் வந்தது. தொண்டை கிழிய, "ஐயோ என் காலு. என்னப் பெத்தவளே, என் காலு போச்சே" என்றான்.

"ஆரம்பிச்சிட்டான்யா" என்றான் வில்னேர். "கொம்பே, இன்னிக்கு சோறு இல்ல. எந்திரிச்சு வா."

"நான் செத்தா என் பொண்டாட்டிக்கு யாரு இருக்கா?"

"அவளுக்கு ஆளு இருக்காம். நீ நிம்மதியாப் போ."

சுமந்துகொண்டிருந்தவர்கள் அந்த மழையிலும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

ஓரெலுசுக்கு அப்போதுதான் விளங்கியது. வேறு ஏதாவது சொல்ல வேண்டும். நிஜமாகக் கால் ஒடிந்தவன் என்ன சொல்வான் என்று யோசித்தான். வாயில் வந்ததெல்லாம் ஒத்திகைப் பேச்சுத்தான். இத்தனை வருஷமாகக் கோழித்தொடைக்கும் கைதட்டலுக்கும் அத்தனையையும் செலவழித்துவிட்டு, தேவைப்படும் நாளில் வெறும் வாயோடு கிடந்தான். தண்ணீர் இடுப்பைத் தாண்டியிருந்தது.

கூட்டத்துக்குக் கடைசியாக மதாம் செலியான் வந்தாள். வீடுகளில் யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். வேலி இடுக்கில் அவளைப் பார்த்ததும் அவன் மறுபடியும் எடுத்துவிட்டான். அதே காலு, அதே பெத்தவள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஒலிபெருக்கியைத் தூக்கி வேலிக்கு மேலாக, அவன் குரல் வந்த பக்கம் பேசினாள். "ஓரெலுஸ், விளையாட இதுவா நேரம்? ஒனக்காக நாலு பேரு சாகணுமா? மரியாதையா எந்திரிச்சு வா." சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் முதுகு மழையில் மங்குவதை ஓரெலுஸ் பார்த்தான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. இனி கத்தி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. ஜெனரலைத் தலைக்கு மேலே இருந்த ஒரு கட்டையில் ஏற்றி உட்காரவைத்தான். அப்புறம் வாயை மூடிக்கொண்டான்.

மதாம் செலியான் கொஞ்ச தூரம் போனவள் நின்றாள். காதில் ஏதோ குறைந்தது. ஒத்திகையில் தூக்கும்போது கத்துவான், சுமக்கும்போது கத்துவான், இறக்கிவைத்த பிறகும் சோறு வரும்வரை கத்துவான், கோழியைக் கடித்துக்கொண்டே இடையில் ஒருமுறை கத்துவான். அவன் தானாக நிறுத்தி அவள் கேட்டதே இல்லை.

ஒலிபெருக்கியைத் திருப்பிப் பிடித்தாள். "வில்னேர், தூக்கிட்டுப் போறவங்கள எறக்கிட்டு ஓடி வா. அவன் வாய மூடிட்டான்."

வந்தார்கள். சுவரைப் புரட்டினார்கள். அவன் வீட்டுக் கதவையே கழற்றி அதில் ஏற்றினார்கள். அவன் கண்ணைத் திறந்து வைத்திருந்தானே தவிர ஒரு முனகல் கூட இல்லை. வில்னேர் வழி நெடுகக் கெஞ்சினான். "கொம்பே, ஒரே ஒரு தடவ கத்து. ஒன் காலப் பத்தி ஏதாவது சொல்லு. யோவ், என்னத் திட்டவாவது செய்யேன்."

பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்த பிறகுதான் ஓரெலுஸ் உதட்டை அசைத்தான். வில்னேர் காதைக் குனிந்து கொடுத்தான்.

"சேவல் எங்க?"

சேவல் வில்னேரின் முதுகில்தான் தொற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கே தெரியாது. கமிட்டி சட்டத்தை அன்றைக்கு யாரும் எடுத்துப் பேசவில்லை.

புயல் ஓய்ந்து, மாவுக்கட்டுக் காலோடு ஓரெலுஸ் நாற்காலியில் உட்காரத் தொடங்கிய பிறகு, நர்ஸ் மாகாலி வந்து கூட்டம் போட்டாள். அடுத்த முறை எதைச் சரிசெய்யலாம் என்று கேட்டாள். ஆடு, சேவல்களுக்குப் பள்ளிக்கூடத்தின் பின்னால் ஒரு பட்டி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்கள் திரும்பிப் போய்க்கொண்டேதான் இருப்பார்கள் என்றாள் மதாம் செலியான். அது உடனே முடிவானது. அடுத்ததாக, ஓரெலுஸ் இனிமேல் ஒத்திகையில் கத்தக்கூடாது என்றாள். அதற்குத்தான் சண்டை மூண்டது. கத்தாத ஓரெலுசைப் பார்க்க யார் வருவார்கள் என்று வயசானவர்கள் கேட்டார்கள். "மயக்கம் போட்டவனா அவன் படுக்கட்டும், நான் கத்துறேன்" என்று எலிசாயின் கிழவி எழுந்து நின்றதும் விஷயம் முடிந்தது.

அடுத்த ஒத்திகையில் ஓரெலுஸ் வாழைத்தோப்பில் கிடந்தான். எறும்பு ஏறியது. பொறுத்துக்கொண்டான். கிழவி பள்ளிக்கூடத்துப் பக்கம் போட்ட கூச்சல் இங்கே வரை கேட்டது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே கத்தினாள். கேட்கக் கேட்க அவனுக்குப் பயம் பிடித்தது. எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள், அன்றைக்குப் போலவே தன்னைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்தான். வாயைத் திறந்தும்விட்டான். அதற்குள் வாழைச்சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது.

முதலில் வந்து குனிந்தது ரோஸ்மேன். சோற்று வரிசையை விட்டுவிட்டு வந்திருந்தாள். அவன் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். விரலை எடுக்கவில்லை.

"இங்க இருக்கான்" என்று கூப்பிட்டாள்.

ஓரெலுஸ் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் மெல்ல அசைந்தது. "வரிசைய விட்டுட்டியே. தொடை தீந்துருமே."

"பேசாத. நீ மயக்கத்துல இருக்க" என்றாள் அவள்.