பிரேக் ஆறவைத்து வந்த வழி

என் எழுத்து வரியை விட்டுக் கீழே இறங்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதும் இன்றுவரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல வராது என்பதால்தான் எழுதுகிறேன்.

வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மாவின் தம்பி, என் மாமா, அடுத்த வீட்டில் இருந்தார். அத்தை பிரசவத்துக்காகப் பிறந்த வீடு போயிருந்தாள். அந்த வீடு பச்சைமலைச் சரிவில் இருந்தது. அங்கே பஸ் போகாது, கல் பாதைதான். குழந்தை பிறந்து, அத்தையை அழைத்து வரவேண்டிய மாதம் நெருங்கியபோது, மாமா யாரிடமும் கேட்காமல் திருச்சியிலிருந்து ஒரு பழைய மோட்டார் பைக் வாங்கி வந்தார். மண் பந்தயத்தில் ஓடியதாம். சக்கரத்தில் கட்டை கட்டையாகப் பல் இருக்கும். "மலை ஏறத்தான் வாங்குனேன்" என்றார். அம்மா நம்பவில்லை. "பொண்டாட்டி இல்லாத நேரம் பாத்து வாங்கியிருக்கான்" என்றாள்.

மலைக்குப் போவதற்கு முதல் நாள் முன் சக்கரம் பஞ்சர் ஆனது. சைக்கிளுக்குச் செய்வதைப்போலவே, பெட்ரோலை இறக்கிவிட்டு, நாலைந்து பேர் சேர்ந்து வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தோம். மாமா ஒட்டுப்போட்டார். அப்போது சின்னப் பையனான நான் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வேடிக்கை பார்த்தேன். வேலை நன்றாக முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் மாமா என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். ஏறும்போது ஒரு குறையும் தெரியவில்லை. அத்தை வீட்டு வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன இறக்கம் இருந்தது. அங்கே மாமா கைப் பிரேக்கைப் பிடித்தார். அது பழுத்த வாழைப்பழம்போல உள்ளே போய் ஹேண்டில்பாரைத் தொட்டது. பின் பிரேக் ஏற்கெனவே பேருக்குத்தான் இருந்தது. வண்டி நேராக முள்வேலிக்குள் நுழைந்து நின்றது. கோழிகள் சிதறின.

மாமாவின் மாமனார் வெளியே வந்தார்.

"மாப்ள, இது போற வண்டி மட்டுந்தானா, நிக்காதா?"

"பிரேக்கு கொஞ்சம் லேசா இருக்குங்க மாமா."

"லேசாவா? என் வேலியப் பாருங்க, அது லேசா இல்ல. இதுல என் மவளையும் பேரனையும் அனுப்ப மாட்டேன். மொதல்ல இத நிறுத்தக் கத்துக்கிட்டு வாங்க."

அத்தை குழந்தையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றாள். அப்படியே உள்ளே போய்விட்டாள். மாமா வேலியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, முதல் கியரிலேயே வண்டியை ஊரவிட்டு இறக்கினார்.

வீட்டுக்கு வந்து பிரேக் கம்பியை இறுக்கப் பார்த்தார். கம்பியே இல்லை, எண்ணெய் ஓடுகிற ரப்பர் குழாய்தான் இருந்தது. பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தார், தேயவில்லை. உப்புத்தாளில் தேய்த்து மாட்டினார். அப்படியும் கைப்பிடி பஞ்சுபோலத்தான் அமுங்கியது. ஆனால் வேகவேகமாகப் பலமுறை அமுக்கினால் கொஞ்சம் இறுகும். விட்டால் மறுபடி பஞ்சு.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன்டா, நம்ம கெணத்து மோட்டார்ல காத்து புடிச்சா இப்படித்தான பண்ணும்? ஓடும், தண்ணி மட்டும் ஏறாது. தலைகீழாக் கவுத்து வெச்சீங்களே, உள்ள இருந்த எண்ணெ எங்க போயிருக்கும், காத்து எங்க போயிருக்கும்?"

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். "வெளக்கெண்ண வாங்கிட்டு வந்துடாத" என்று அம்மா பின்னாலேயே கத்தினாள்.

சீல் பிரிக்காத பிரேக் ஆயில் டப்பாவும், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயில் ஒரு துண்டும் கொண்டுவந்தார். கைப்பிடிக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி நிரப்பினார். சக்கரத்துக்குப் பக்கத்தில் காற்றை வெளியே விடுவதற்கென்று இருந்த சின்ன நிப்பிளில் குழாயை மாட்டி, மறு முனையை எண்ணெய் ஊற்றிய சீசாவில் விட்டார். பிரேக் பிடிப்பது என் வேலை.

"அமுக்கு. புடிச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் விடாத."

அவர் நிப்பிளின் நட்டைத் திறப்பார். குழாயில் குமிழி குமிழியாகக் காற்று வரும். மூடியபின், "விடு" என்பார். ஒருமுறை ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்ததால் மூடுவதற்குள் விட்டுவிட்டேன். வந்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே போனது. மாமா திட்டவில்லை. ஈயைத்தான் திட்டினார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். கிண்ணம் வற்றாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தோம். குமிழி நின்று, எண்ணெய் மட்டும் வந்தபோது, கைப்பிடி பாதியிலேயே கல்லாக நின்றது. மாமா என் கையின் மேல் தன் கையை வைத்து இன்னொருமுறை அழுத்திப் பார்த்தார்.

மறுபடி மலைக்குப் போனோம். மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இறக்கத்தின் குறுக்கே போட்டார்.

"மேல இருந்து வாங்க. துண்டு மேல சக்கரம் ஏறக்கூடாது."

மாமா வேகமாகவே வந்தார். நான் வேலிப் பக்கம் ஒதுங்கினேன். சக்கரம் துண்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மாமனார் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "காத்து அடிக்கும், புள்ளைக்குக் காத மூடிக் கூட்டிட்டுப் போங்க மாப்ள" என்றார்.

நான் பெட்ரோல் தொட்டி மேல் உட்கார்ந்தேன். அத்தை குழந்தையோடு பின்னால் ஏறினாள். முகம் மட்டும் இன்னும் இறுகித்தான் இருந்தது.

கொஞ்ச தூரத்திலேயே, ஒரு பலா மரத்தடியில் மாமா நிறுத்தினார். நான் குதித்து இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன்.

"கல்லு மாதிரி இருக்கு மாமா. போலாம்."

"சூடாயிருக்கும்டா. ஆறட்டும். நீ போயி அந்தப் பக்கம் பலாக் கொட்ட கெடக்குதான்னு பாரு."

நான் சக்கரத்திலிருந்த பிரேக் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடு அவ்வளவாக இல்லை. பெரியவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று போய்விட்டேன். அடுத்த வளைவிலும் நிறுத்தினார். அதற்கடுத்த வளைவிலும். நானும் சளைக்காமல் கல் வைத்து, பிரேக்கைச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் எதையாவது பொறுக்க அனுப்பப்பட்டேன். ஓடைப் பக்கம் நிறுத்தியபோது நான் திரும்பி வருகையில் அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். பிரேக் நன்றாகப் பிடிக்கிற சந்தோஷம் அவளுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வீடு சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"காலையில கெளம்புனவங்க, எறங்கி வர இவ்ளோ நேரமா?"

மாமாவுக்கு முந்திக்கொண்டு, பொறுப்பான ஆளாக நானே பதில் சொன்னேன்.

"பிரேக்கு ஆறவெச்சு ஆறவெச்சு வந்தோம்மா."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா வண்டியைப் பார்த்தார். அத்தை குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள். அம்மா ஆரத்தியை அவசரமாகச் சுற்றிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் சொன்னதில் என்ன தப்பு என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

26.10.2025, ஞாயிற்றுக்கிழமை