இரைப்பை நிறைந்த சேவல்

உலகத்தில் எத்தனையோ கோட்டைகள் விழுந்திருக்கின்றன. எத்தனையோ ராஜாக்கள் எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆனால் அத்தையின் சமையலறை வாசலைத் தாண்டி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு துண்டு வெளிக்கறி உள்ளே வந்ததில்லை. எலும்பாகக்கூட வந்ததில்லை. ஒருமுறை வர முயன்ற கறிக்கடைப் பொட்டலம், அத்தை பார்த்த பார்வையில் தானாகவே இறங்கிக் கடைக்குத் திரும்பி நடந்துவிட்டதாக மாமா இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

வாரத்தில் ஆறு நாள் அத்தை பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் வைக்கிறாள். ஒரு நாளைக்கு முந்நூறு காலர். மீதி நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால், மதிலை ஒட்டிய சின்ன இடத்தில்தான். அங்கே எட்டுப் பெட்டைகள், ஆறு முயல்கள், இரண்டு சேவல்கள். மாமா கம்பிவலை அடிப்பார், கூண்டு கழுவுவார். வளர்ப்பது, அறுப்பது, சமைப்பது மூன்றும் அத்தை.

"என்ன தின்னுச்சு, எப்படி இருந்துச்சுன்னு தெரியாததை எப்படி வாயில வைக்கிறது?" என்பது அவள் கட்சி.

அறுப்பதற்கு அவளிடம் ஒரு முறை உண்டு. முதல் நாள் சாயங்காலமே கோழியைக் கூடைக்குள் கவிழ்த்துவிடுவாள். தண்ணீர் மட்டும்தான். காலையில் கழுத்தின் அடியில் இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பாள். இரைப்பை காற்றுப் போன பலூன் மாதிரி இருந்தால் கத்தி வரும். தீனி இருந்தால் கத்தி அன்றைக்கு மாடத்தைவிட்டு இறங்காது. அறுக்கும்போது இரைப்பை கிழிந்தால் கறி நாறிவிடும் என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். மாமாவிடம் மட்டும் வேறு காரணம் சொல்லியிருக்கிறாள். சாப்பிட்ட வாயோடு இருப்பதைக் கொல்ல அவளுக்கு மனசு வராது.

சிக்கல் பெரிய சேவலால் வந்தது. அது நடக்கிற மிடுக்கைப் பார்த்து மாமா வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். தட்டுக்கு வரப்போவதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்று அத்தை கத்தியும் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த இடத்துக்கு இரண்டு சேவல் தாங்காது. இன்ஸ்பெக்டர் சின்ன சேவலின் கொண்டையைக் கிழித்தது. பெட்டைகளின் முதுகில் ஏறி ஏறி இறகையெல்லாம் உதிர்த்தது.

"ஞாயித்துக்கிழமை குழம்பு," என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள்.

ஞாயிறு காலை கூடையைத் தூக்கி, கழுத்தை அழுத்தினாள். கல் மாதிரி இருந்தது.

"என்னங்க, ராத்திரி இதுக்கு ஏதாச்சும் போட்டீங்களா?"

"எனக்கே நீ பாதி வயித்துக்குத்தான் போடற. நான் எதுக்குடி சேவலுக்குப் போடப் போறேன்?"

அன்றைக்கு முட்டைக் குழம்பு.

இரண்டாவது சனிக்கிழமை மக்காச்சோள டிரம்மின் மூடியைக் கம்பியால் கட்டினாள். ஞாயிறு காலை மறுபடி கல். மூன்றாவது வாரம் கூடையைச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கை நுழையும் என்பதை மறந்துவிட்டாள். மறுபடியும் கல்.

"இதுக்குச் செரிக்கறதில்லையோ என்னமோ," என்றார் மாமா.

"எலியா இருக்கும்," என்றான் வாலு. வாலு என்பது அத்தை வீட்டிலேயே வளரும் அவள் அண்ணன் மகன். அப்போது படிக்கட்டில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான். ஒன்றும் அறியாத பிள்ளை.

"எலி கொண்டுவந்து போடுமாடா? எடுத்துட்டுத்தானே போகும்?"

அதற்குள் ஒரு பெட்டையின் முதுகில் தோலே தெரிய ஆரம்பித்திருந்தது. அத்தை அதை மடியில் வைத்து மஞ்சள் குழைத்துத் தடவினாள். "அடுத்த வாரம் இது இங்க இருக்காது," என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள். அத்தை சத்தம் போடாமல் சொன்னால் அது நடந்த மாதிரிதான்.

நாலாவது ஞாயிறு வாலு விடியும்போதே பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிட்டான். மத்தியானம் திரும்பியபோது கூடை கழுவிக் காய வைக்கப்பட்டிருந்தது. அடுப்பில் சட்டி. வெங்காயம் சிவக்க வதங்கி, இஞ்சி போட்டு, கறி தன் தண்ணீரிலேயே மெல்ல வெந்துகொண்டிருந்தது. கிழட்டுக் கறியை அவசரப்படுத்தினால் செருப்பாகிவிடும் என்று தீயைக் குறைத்து வைத்திருந்தாள். கடைசியில் மிளகு.

"உட்காருடா."

"வயித்து வலி அத்தை."

வயிற்று வலிக்காரன் தயிர் ஊற்றி மூன்று தட்டு வெறுஞ்சோறு தின்றான். அத்தையும் ஒரே துண்டுதான் எடுத்துக்கொண்டாள். வழக்கமாகக் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் விட்டு நக்கி உப்புப் பார்ப்பவள், அன்றைக்கு அதைக்கூட மாமாவிடம் விட்டுவிட்டாள். களைப்பாக இருக்கும்.

இப்படியாக இன்ஸ்பெக்டரின் பணிக்காலம் முடிந்தது. அத்தையின் இருபத்திரண்டு வருஷப் பெருமையில் ஒரு கீறல்கூட

இந்த இடத்தில் எழுதுகிறவன் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து நோட்டைப் பிடுங்கியது. அத்தை நின்றபடியே முதலிலிருந்து படித்தாள். வாலு பேனாவை மூடினான், திறந்தான், மூடினான்.

"முதல் பத்தியே பொய்டா."

"கதைன்னா கொஞ்சம் ஏத்தித்தான் சொல்லணும் அத்தை. பொட்டலம் நடந்தது மாமா சொன்னது."

"அதைச் சொல்லல. அந்த ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுக்குள்ள வெளிக்கறி வந்துச்சு. நானே கொண்டு வந்தேன். இன்ஸ்பெக்டரைப் பால்காரம்மாகிட்ட குடுத்துட்டு, முட்டை நின்னுபோன அவ பெட்டையை வாங்கி அறுத்தேன். அவகிட்ட பன்னெண்டு பெட்டை இருக்கு, சேவல் இல்ல."

வாலு பேனாவைக் கீழே வைத்தான்.

"எதுக்கு அத்தை?"

"உன் சட்டையைத் துவைக்கறது யாரு? முதல் வாரமே பையில நாலு மக்காச்சோளம்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"அதை அறுக்க வேண்டாம்னு நீயா வந்து கேப்பேன்னு பார்த்தேன். வாயத் திறந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கற, அதுக்கு ஊட்டிக்கிட்டே இருக்க."

நோட்டை அவன் மடியில் போட்டாள். சமையலறைப் பக்கம் இரண்டடி வைத்தவள் திரும்பினாள்.

"இருபத்திரண்டு வருஷத்தை அடிச்சிடு. பொய்ப் பெருமை எனக்கு வேண்டாம். அப்புறம், 'ஒன்றும் அறியாத பிள்ளை'ன்னு ஒண்ணு எழுதியிருக்கியே, அதையும்."